ஓடை வெட்டுன லாவாவ எப்படி படிக்கிறது: செகாமட் பக்கம் தோட்டத்துல இருக்கவங்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 ஆகஸ்ட் 24 காலையில மலேசியாவுல ஜொகூர் மாநிலத்து செகாமட்ல 4.1 அளவுக்கு நிலம் ஆடுச்சில்ல, அன்னிலேர்ந்து நம்ம ஆளுங்க கேக்குற கேள்வி ஒண்ணுதான், "கீழ எரிமலை ஏதாச்சும் இருக்கா?" அந்த ஆட்டத்துக்கும் எரிமலைக்கும் சம்பந்தம் இல்ல, பாறைக்குள்ள இருக்குற பழைய பிளவு நகர்ந்தா இப்படித்தான் நிலம் குலுங்கும். ஆனா எரிமலைங்கிற பேச்சும் முழுத் தப்பு கிடையாது. செகாமட் பக்கம் ஒரு காலத்துல நெசமாவே லாவா வழிஞ்சிருக்கு, 6 கோடி வருஷம் முன்னாடி. அந்தக் கல்லுக்கு செகாமட் பசால்ட்னே பேரு, பசால்ட்னா லாவா ஆறி உண்டான கருங்கல்லு, இதுல பொட்டாசியம் கூடுதலா இருக்கு. எரிமலை எப்பவோ செத்துப்போச்சு, கூம்பு, வாய் எதுவும் மிச்சம் இல்ல, கல்லு மட்டும் நம்ம பால்மரத்துக்கும் செம்பனைக்கும் அடியில கிடக்கு. அத பாக்கணும்னா எங்க போறது, போனா என்ன பாக்குறது, பாத்தத எப்படி புரிஞ்சிக்கிறது, இதுக்குத்தான் இத எழுதுறேன்.

போக வேண்டிய இடம் ஓடை. வேற எங்க போனாலும் ஏமாந்துதான் வருவீங்க. ஏன்னா நம்ம ஊரு வெயிலும் மழையும் சேந்து பசால்ட்ட உளுக்க வச்சு மண்ணாக்கிடும், பத்து இருபது மீட்டர் ஆழத்துக்குக் கூட வெறும் சிவப்பு மண்ணுதான் இருக்கும், நீங்க தோட்டத்துல நாள் பூரா நடந்தாலும் ஒரு நல்ல கல்லு கண்ணுல படாது. அந்த மண்ண அரிச்சுத் தள்ளிட்டு அடிப்பாறை வரைக்கும் எறங்குற ஒரே ஆளு ஓடைத் தண்ணிதான். குவாரியிலயும் பாக்கலாம், ஆனா அங்க வெடி வச்சு ஒடைச்சதால எது இயற்கையா விழுந்த பிளவு எது வெடியில விழுந்த பிளவுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம், உள்ள விடவும் மாட்டாங்க. ஓடை மெதுவா மேலேர்ந்து கீழ வரைக்கும் வெட்டிக்கிட்டே வந்துருக்கு, ரெண்டு பக்கக் கரையிலயும் அடுக்கு அடுக்கா காட்டுது.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க, இது இல்லாம போனா வெறும் கருப்புக் கல்லுதான் தெரியும். எரிமலை பிரதேசத்துல லாவா வழியிற நேரம் ரொம்பக் கொஞ்சம், சில நாளு, சில மாசம், மிஞ்சிப்போனா சில பத்து வருஷம். அடுத்த லாவா வர்றதுக்கு ஆயிரக்கணக்குல வருஷம் ஆகலாம், லட்சக்கணக்குலயும் ஆகலாம். அதாவது கரையில பத்து மீட்டர் உயரத்துக்கு நிக்கிற கல்லு கொஞ்ச காலத்துல வந்தது, ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்குற ஒரு சாண் மண்ணுதான் நீண்ட காலம். எல்லாரும் கல்லப் பாத்து போட்டோ எடுத்துட்டு வந்துடுறாங்க, நீங்க நடுவுல இருக்குற கோட்டைத் தேடுங்க.

இப்ப கிளம்புற வேல. ஜாபாத்தான் மினரல் டான் ஜியோசாயின்ஸ், அதாவது அரசாங்கத்தோட கனிம, நிலவியல் இலாகா, வெளியிடுற ஜியாலஜி மேப் இருக்கு, அதுல உங்க தோட்டம் இருக்குற இடத்துல எரிமலைப் பாறைன்னு கலர் போட்டிருக்கான்னு மொதல்ல பாருங்க, ஏன்னா செகாமட் மாவட்டம் முழுக்க பசால்ட் கிடையாது, பக்கத்துலயே கிரானைட்டும் இருக்கு, வண்டல் பாறையும் இருக்கு. அப்புறம் தோட்டத்து ஆபீஸ்ல போய் கேட்டுட்டுப் போங்க. செம்பனைத் தோட்டத்துல குலை திருட்டு நடக்குறதால தெரியாத ஆளு மோட்டோர்ல சுத்துனா ஜாகா வந்து நிப்பாட்டுவாரு, கிராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா அவரே எந்த பிளாக்ல ஓடை ஆழமா போவுதுன்னு காட்டிடுவாரு.

மழைய பத்தி செகாமட் ஆளுங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, 2006 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மார்ச் வெள்ளத்தையும் பாத்தவங்க நாம. ஆனா ஓடைக்குள்ள எறங்குறவங்களுக்கு பெரிய வெள்ளத்த விட ஆபத்து கெப்பாலா ஆயேர். நீங்க நிக்கிற எடத்துல வெயில் அடிக்கும், மேல மலைப்பக்கம் பெஞ்ச மழை திடீர்னு ஒரே சுவரா வந்து அடிக்கும், பாறைச் சந்துக்குள்ள நின்னா ஏறித் தப்பிக்க எடம் இருக்காது. தண்ணி திடீர்னு கலங்குனாலோ, எலையும் குச்சியுமா மெதந்து வந்தாலோ, எரைச்சல் கூடுனாலோ யோசிக்கக் கூடாது, உடனே கரை ஏறிடுங்க. மதியத்துக்கு மேல மேகம் கட்டும், அதனால காலையில போய்ட்டு காலையிலேயே வந்துடுறது நல்லது. கால்ல புண்ணு இருந்தா தண்ணியில எறங்காதீங்க, எலி மூத்திரத்துல பரவுற காய்ச்சல் தோட்டத்து ஓடையில வரும், உயிருக்கே ஆபத்தாகும். முழங்கால் பூட்ஸ், நீளக் கை சட்டை, அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. தனியா போகவே போகாதீங்க.

கையில எடுத்துக்க வேண்டியது: நோட்டு, பென்சில், ஒரு சின்ன பூதக்கண்ணாடி, சுத்தியல், கண்ணுக்கு கண்ணாடி, அளவு டேப், நூல்ல கட்டுன சின்ன காந்தம், கொஞ்சம் வெனிகர், பிளாஸ்டிக் பை, மார்க்கர் பேனா. திசைகாட்டி இருந்தா எடுத்துக்கோங்க, ஆனா பசால்ட்டுல இரும்புத் தாது இருக்கறதால பாறை மேல வச்சா முள்ளு தப்பா காட்டும், ஒரு மீட்டராவது தள்ளி நின்னு பாக்கணும். போன்ல இருக்குற திசைகாட்டிக்கும் இதேதான்.

தொடங்குறது எப்பவுமே கீழேர்ந்து மேல. ஓடையோட கீழ்ப்பக்கம் எங்கயாச்சும் கல்லு குவிஞ்சு கிடக்குற மேடு இருக்கும், அங்க ஒக்காந்து கல்லப் பொறுக்குங்க. மேல என்னென்ன பாறை இருக்கோ அதுல எல்லாத்துலயும் ஒரு துண்டு தண்ணி அடிச்சுக்கிட்டு வந்து அங்க போட்டிருக்கும். வெளுத்த கல்லு, பொடிப் பொடியா மினுமினுக்குறது, கண்ணாடிக் கணக்கா தெரியுற குவார்ட்ஸ் மணி இருந்தா கிரானைட். கையில எடுத்தா அளவுக்கு மேல கனம், மேல பழுப்பா ஒரு தோலு, ஒடைச்சா உள்ள கருஞ்சாம்பல், மணி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கம், அதுதான் பசால்ட். நூல்ல காந்தத்தத் தொங்கவிட்டு பக்கத்துல கொண்டுபோங்க, பசால்ட்டா இருந்தா லேசா இழுக்கும். நம்ம நாட்டு கிரானைட்டுல பெரும்பாலும் அசையாது.

இங்க ரெண்டு எடத்துல கவனமா இருக்கணும். ஒண்ணு லேட்டரைட். தோட்டத்து ரோட்டுல கொட்டுவாங்கள்ல, செவப்பா ஓட்டை ஓட்டையா இருக்கும், பாத்தவுடனே லாவான்னு தோணும், ஆனா அது மண்ணுல இரும்பு சேந்து கெட்டியானது. ஒடைச்சா உள்ளயும் அதே காவி நெறம், வெரல்ல தேச்சா ஒட்டும். லாவாவுல ஓட்டை இருந்தாலும் ரெண்டு ஓட்டைக்கு நடுவுல சாம்பல் கல்லு தெரியும். ரெண்டாவது, பாலத்துக்கும், ரோட்டுக்கு அடியில தண்ணி போற கல்வர்ட்டுக்கும் கீழ கிடக்குற கூர்மூலைக் கல்லு. அது லாரியில வந்தது, எந்த குவாரியோ யாருக்குத் தெரியும். தண்ணி உருட்டுன கல்லுக்கு மூலை மழுங்கியிருக்கும். பாலத்துக்கு மேல்பக்கம் போயிட்டு அப்புறம் கணக்கு வச்சுக்கோங்க.

இப்படியே மேல மேல நடந்துக்கிட்டே கல்லப் பாருங்க. ஒரு குறிப்பிட்ட வகைக் கல்லு ஒரு எடத்துக்கு மேல வரவே வரலைன்னா, அது பொறந்த எடத்தத் தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், திரும்பி வந்து ரெண்டு கரையையும் சொரண்டிப் பாருங்க. பெரிய கருவி எதுவும் வேணாம், ஜியாலஜி படிச்சவங்களும் மலைக்காட்டுல இதைத்தான் செய்றாங்க.

கரையில கறுப்பா ஒரு பெரிய உருண்டை தெரிஞ்சவுடனே பாறை வந்துருச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. பசால்ட் உளுக்குறப்ப பிளவு வழியா தண்ணி எறங்கி, மூலையெல்லாம் மொதல்ல மண்ணாகி, நடுவுல ஒரு உருண்டை மட்டும் கெட்டியா நிக்கும், சுத்தி வெங்காயத் தோலா உரியும். அந்த உருண்டை வரிசை வரிசையா, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா, நடுவுல நேர்க்கோட்டு இடைவெளியோட இருந்துச்சுன்னா அது பொறந்த எடத்துலயே உளுத்து நிக்கிற பாறை, இடைவெளிக் கோடெல்லாம் பழைய பிளவு. கன்னாபின்னான்னு கலந்து மண்ணுக்குள்ள கிடந்தா மேலேர்ந்து சரிஞ்சு வந்தது. ரெண்டாவது வகைய வச்சு அடுக்கு சொல்ல முடியாது, விட்டுட்டு மேல போங்க.

நல்ல பாறை கிடைச்சுதுன்னா இப்பத்தான் நெசமான வேலை, நிதானமா செய்யுங்க. ஒரு தடவ வழிஞ்ச லாவாவுக்கு அடி, நடு, தலைன்னு மூணு பாகம் உண்டு. வெளிய வர்றப்ப 1100, 1200 டிகிரி செல்சியஸ் சூடு, அதுக்குள்ள வாயு கரைஞ்சு இருக்கும், அழுத்தம் கொறைஞ்சவுடனே அது குமிழியா மேல கெளம்பும், ஆனா தோலு அதுக்குள்ள கெட்டியாயிடும், அதனால குமிழி எல்லாம் தலைப்பக்கம் மாட்டிக்கும். ஓட்டை நெறைய இருக்குற பக்கம் மேல்பக்கம்னு வச்சுக்கலாம். அடியிலயும் கொஞ்சம் ஓட்டை இருக்கும், ஈரத் தரை மேல லாவா ஓடுனா நீராவி கெளம்பி குழாய் குழாயா நின்ன ஓட்டை கூட இருக்கும், ஆனா அது ஒரு சாண் ரெண்டு சாணோட நின்னுடும். நடுப்பாகம் ஓட்டையே இல்லாம கட்டியா இருக்கும், அதுதான் குவாரிக்காரங்களுக்குப் பிடிச்ச பாகம். பழைய லாவாவுல ஓட்டை காலியா இருக்காது, வெள்ளையா ஏதாச்சும் அடைச்சிருக்கும், பின்னாடி வந்த தண்ணி கொண்டாந்து வச்சது. அத சொரண்டி பொடியாக்கி வெனிகர் விட்டுப் பாருங்க, நொரை வந்தா கால்சைட், வரலைன்னா குவார்ட்ஸோ ஜியோலைட்டோ இருக்கலாம், கத்தியால கீறிப் பாருங்க, குவார்ட்ஸ்ல கீறல் விழாது.

தலைப்பாகத்துக்கும் ரெண்டு மாதிரி உண்டு. தண்ணியா ஓடுன லாவாவுக்கு மேல்தோலு வழவழன்னு மடிப்பு மடிப்பா நிக்கும், கெட்டியா நகந்து வந்த லாவாவுக்கு மேலயும் கீழயும் ஒடைஞ்ச கட்டிங்க குவிஞ்சிருக்கும், நடுவுல மட்டும் முழுப்பாறை. ஹவாய் தீவுக்காரங்க மொதல் வகைய பாஹோயிஹோயின்னும் ரெண்டாவத ஆஆன்னும் சொல்லுவாங்க, உலகம் பூரா ஜியாலஜி புத்தகத்துல அதே பேருதான். ஓடைக்கரையில கட்டிக் குவியலா இருக்குற பட்டையப் பாத்து சரிஞ்ச மண்ணுன்னு தள்ளிட வேணாம், அது லாவாவோட தலையாவோ அடியாவோ இருக்கலாம்.

தூண் தூணா பிளந்து நிக்கிற பாறை கிடைச்சா அதிர்ஷ்டம். லாவா ஆறுறப்ப சுருங்கும், சுருங்குனா பிளக்கும், அந்தப் பிளவு குளிருற முகத்துக்கு செங்குத்தா உள்ள எறங்கும். தட்டையான தரையில ஓடுன லாவாவுல தூணு நேரா நிக்கும். தூணு விசிறியா சாஞ்சு விரிஞ்சிருந்தா லாவா ஏதோ பழைய பள்ளத்த நெரப்பியிருக்கு, பக்கச்சுவர்லயும் குளிர்ந்திருக்கு. அதனால தூணு எந்தப் பக்கம் சாயுதுன்னு ஒவ்வொரு எடத்துலயும் நோட்டுல படம் போட்டு வச்சீங்கன்னா, இப்ப இல்லாத அந்தப் பழைய பள்ளத்தாக்கோட உருவமே வெளிய வந்துரும். மலேசியாவுல இத நல்லா பாக்க ஆசப்பட்டா சபா போகணும், தாவாவ் பக்கம் பாலுங்ல பசால்ட் தூண் இருக்கு. அங்க லாவா வயசு நம்மளத விட ரொம்பவே கம்மி, தாவாவ் மலைப் பூங்காவுல பொம்பாலாய்ங்கிற எரிமலைக் கூம்பு இன்னமும் உருவத்தோட நிக்குது, ஏறிப் பாக்கலாம்.

இப்ப அந்தக் கோட்டுக்கு வருவோம். மேல ஒரு லாவா, கீழ ஒரு லாவா, நடுவுல ஒரு சாணோ ஒரு மீட்டரோ செவப்பா, மென்மையா ஒரு பட்டை ஓடுதுன்னா நின்னுடுங்க, உங்க நாளுல முக்கால்வாசி நேரத்த அங்கயே செலவு பண்ணலாம். கீழ் லாவா குளிர்ந்து, மழையில உளுத்து, மண்ணாகி, அதுல செடி மொளைச்சு, அப்புறம் எத்தனையோ காலம் கழிச்சு மேல் லாவா வந்து மூடியிருக்கு. அந்த மண்ணு தடிமனா, நல்லா உளுத்துப்போய் இருந்தா இடைவெளி நீளம். மண்ணே இல்லாம ஒரு லாவா மேல இன்னொண்ணு நேரா ஒக்காந்திருந்தா ஒரே காலத்துல அடுத்தடுத்து வந்திருக்கலாம். இந்தியாவுல தக்காணத்து லாவா பிரதேசத்துல, சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி வழிஞ்சது அது, மேற்குத் தொடர்ச்சி மலையில 2 கிலோமீட்டருக்கு மேல தடிமன் இருக்கு, அங்க அடுக்குக்கு நடுவுல இந்த செவப்புப் பட்டை நெறைய எடத்துல வரும், அதையும் வச்சு எது எந்த அடுக்குன்னு எண்ணிக்கிட்டுப் போறாங்க. அஜந்தா குகைக்குப் போனவங்க யாராச்சும் இருந்தா ஞாபகப்படுத்திப் பாருங்க, வாகோரா ஆறு லாட வடிவத்துல வளைஞ்சு லாவா அடுக்கையே வெட்டிப் போட்ட பள்ளத்தாக்கு அது, அந்த வெட்டுன சுவர்லதான் குகைங்களக் கொடைஞ்சிருக்காங்க. நம்மவங்க ஓவியம் பாக்கப் போறாங்க, சந்தோஷம், எதிர்ப்பக்கச் சுவரையும் ஒரு நிமிஷம் பாத்துட்டு வரணும்னு எனக்கு ஆச.

நம்ம ஊர்ல ஒரு சிக்கல், எல்லாமே செவப்பு. இன்னிக்கு உளுத்த மண்ணா, அன்னிக்கு லாவா மூடுன மண்ணான்னு எப்படிப் பிரிக்கிறது? இன்னிக்கு மண்ணு மேலேர்ந்து கீழ போகப் போக கொஞ்சம் கொஞ்சமா மாறும், மொதல்ல மண்ணு, அப்புறம் உருண்டை கலந்த மண்ணு, அப்புறம் பாறை. அதுக்கு மேல கல்லு இருக்காது. பழைய மண்ணுக்கு மேல் விளிம்பு கத்தியால வெட்டுன கோடு, மேல திடீர்னு பாறை, கீழ்ப்பக்கம் மட்டும் மெதுவா மாறும். சூட்டுல அந்த மேல் விளிம்பு ஒரு சில சென்டிமீட்டருக்கு கெட்டியாகி இன்னும் செவந்து போயிருக்கும், நகத்தால சொரண்டுனா கீழ் மண்ணு உதிரும், மேல் விளிம்பு உதிராது. ஒரு எடத்துல பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, பாறைப் பிளவு வழியா இன்னிக்குத் தண்ணி எறங்கி நடுவுல ஒரு செவப்புப் பட்டைய உண்டாக்கவும் முடியும். ஓடையில நூறு மீட்டர் மேலயும் கீழயும் போய், எதிர்க்கரையிலயும் அதே உயரத்துல ஓடுதான்னு பாருங்க. ஓடுனா நம்பலாம்.

இன்னொரு ஏமாத்து வேலையும் உண்டு. லாவா மாதிரியே கறுப்பா இருக்குற கல்லு மேல வராம, பூமிக்குள்ளயே ரெண்டு அடுக்குக்கு நடுவுல புகுந்து ஆறியிருக்கலாம், டோலரைட்னு சொல்லுவாங்க, குவாந்தான் பக்கம் டோலரைட் சுவர் சுவரா நிறைய இருக்கு. வித்தியாசம் சுலபம்: மேல வழிஞ்ச லாவா தனக்குக் கீழ இருக்குறத மட்டுந்தான் சுடும், மேல இருக்கறது பின்னாடி வந்ததாச்சே. உள்ள புகுந்தது ரெண்டு பக்கத்தையும் சுடும். மேல் அடுக்கோட அடிப்பக்கமும் சூடு பட்டிருக்கா, தலையில குமிழி ஓட்டையோ ஒடைஞ்ச கட்டியோ இல்லாம இருக்கா, அப்ப அது லாவா இல்ல.

பட்டைக்குக் கீழ மண்ணுக்குப் பதிலா உருண்டைக் கூழாங்கல்லு இருந்தா அது இன்னும் பெரிய சங்கதி. லாவாவும் தண்ணி மாதிரியே பள்ளத்தத் தேடித்தான் போகும், அதாவது அன்னிக்கு ஓடுன ஆத்துக்குள்ள. ஆறு மூடிக்கும். அப்புறம் மழைத்தண்ணி லாவாவோட ரெண்டு ஓரத்துலயும் புது வழி வெட்டிக்கும், சுத்தி இருக்குற மண்ணு, பாறை எல்லாம் கரைஞ்சு போயிடும், லாவா கெட்டியா இருக்கறதால நிக்கும், கடைசியில பழைய ஆத்துப் பள்ளம் நெட்டையா ஒரு மேடா நின்னுடும். அமெரிக்காவுல கலிஃபோர்னியா துவாலமி பக்கம் டேபிள் மவுண்டன்னு ஒண்ணு இருக்கு, சுமார் 1 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆத்துல வழிஞ்ச லாவா, இன்னிக்கு ஆறு வளைஞ்ச மாதிரியே வளைஞ்சு நிக்கிற தட்டை மலை. ஆஸ்திரேலியாவுல பல்லாரட் பக்கம் தங்கம் தோண்டுனவங்க பசால்ட்ட ஓட்டை போட்டு கீழ எறங்கி, மூடிப்போன ஆத்து மணல்ல தங்கம் எடுத்தாங்க. அதனால நீங்க லாவாவுக்கு அடியில கூழாங்கல்லு பாத்தா அது என்ன கல்லு, நீளக் கல்லெல்லாம் எந்தப் பக்கம் சாஞ்சு அடுக்கியிருக்குன்னு எழுதி வைங்க, ஆத்துல கல்லு மேல்நீர் பக்கம் சரிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு படுக்கும், அந்தக் காலத்து ஆறு எந்தத் திசையில ஓடுச்சுன்னு அதுலயே தெரியும்.

ஓடை படி படியா எறங்குதான்னும் பாருங்க. நடுப்பாகம் கெட்டி, தலையும் மண்பட்டையும் மெது, தண்ணி மெதுவானத அரிச்சு கெட்டியானத அந்தரத்துல நிக்க வச்சு அப்புறம் ஒடைக்கும், ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு சின்ன அருவி. வெயில் காலத்துல போனீங்கன்னா இன்னொண்ணு தெரியும், கரையில ஒரே உயரத்துல வரிசையா தண்ணி கசியும், பாசியும் பெரணியும் கோடு போட்டு வளந்திருக்கும். பிளவு வழியா எறங்குற தண்ணி, களிமண்ணாகிப்போன பழைய மண்பட்டைக்கு மேல வந்து நின்னு, வெளிய வழியிது. பாறையே தெரியாத கரையில கூட அந்தப் பச்சைக் கோட்ட வச்சு அடுக்க கண்டுபிடிச்சிடலாம். தோட்டத்துல பழைய காலத்துல லயத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு பெரியவங்கள கேளுங்க, எங்க பக்கம் ஒரு தாத்தா "அந்தக் கரையில எந்தக் காலத்துலயும் தண்ணி வத்துனதில்ல தம்பி"ன்னு காட்டுன எடத்துல கசிவு வரிசை அப்படியே இருந்துச்சு.

இதெல்லாம் ஏதோ பொழுதுபோக்குன்னு நெனைக்காதீங்க. 18ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல பெரிய சண்டை, பசால்ட் கடல் தண்ணியில படிஞ்ச கல்லுன்னு ஒரு கூட்டம் நம்புச்சு, ஜெர்மனியில வெர்னர்னு பெரிய வாத்தியாரு அந்தக் கட்சி. நிக்கோலா தேமாரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1763ல பிரான்ஸ்ல ஓவேர்ஞ் பக்கம் தூண் பசால்ட்ட லாவாவோட சேந்தே பாத்தாரு, அது நெருப்புல வந்ததுன்னு சொன்னாரு. அதோட நிக்கல, எந்த லாவாவ ஓடை ஆழமா வெட்டியிருக்கோ அது பழசு, எது வெட்டுப்படாம முழுசா கிடக்கோ அது புதுசுன்னு வயசு வரிசை போட்டாரு. கல்லோட வயச அளக்குற மெஷின் எதுவும் இல்லாத காலத்துல, வெறுமனே நடந்து பாத்து. அதே பிரான்ஸ் மலைநாட்டுல 1906ல பெர்னார் புருன் லாவாவையும் அதுக்குக் கீழ சுட்டுப்போன களிமண்ணையும் எடுத்து காந்தத்திசை அளந்தாரு, ரெண்டுமே இன்னிக்கு இருக்கறதுக்கு நேர் எதிர்ப்பக்கம் காட்டுச்சு. பூமியோட காந்தம் தலைகீழா திரும்பும்ங்கிறது அங்கேர்ந்துதான் வந்துச்சு, 1929ல ஜப்பான்ல மத்சுயாமா இத இன்னும் உறுதியாக்குனாரு, கடைசியா திரும்புனது சுமார் 7.8 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி. நான் ஒரு சாண் மண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்ல, அந்த சுட்ட மண்ணுதான் புருனுக்கு சாட்சி.

ஓடை எவ்வளவு வேகமா வெட்டுதுன்னு கணக்குப் போட எல்லாருக்கும் ஆசை வரும். முறை இதுதான்: மேல் லாவாவோட வயசு தெரியணும், அந்த லாவாவோட தலையிலேர்ந்து ஓடைத்தரை வரைக்கும் ஆழம் அளக்கணும், ஆழத்த வயசால வகுக்கணும். வயசு, பொட்டாசியம் ஆர்கானா மாறுறத வச்சு லேப்ல எடுப்பாங்க, பொட்டாசியம் 40ல பாதி குறைய 125 கோடி வருஷம் ஆகும், உளுக்காத புதுக் கல்லு வேணும். உதாரணத்துக்கு 16 லட்சம் வருஷத்து லாவாவ ஓடை 32 மீட்டர் வெட்டியிருந்தா ஆயிரம் வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர். குவாந்தான் பசால்ட் அந்த மாதிரி வயசுதான், அதனால அங்க இந்தக் கணக்குக்கு ஏதோ அர்த்தம் இருக்கு. செகாமட்ல தயவுசெஞ்சு போடாதீங்க. 6 கோடி வருஷத்துல இங்க நிலம் எத்தனையோ தடவ உயந்து, தேஞ்சு, மேல இருந்த பாறையே எவ்வளவு போச்சுன்னு கணக்கில்ல, இப்ப ஓடுற ஓடை அந்த லாவாவுக்கு ரொம்ப ரொம்ப இளசு. இங்க லாவா வயசு, ஓடை இதுக்கு முன்னாடி பொறந்திருக்க முடியாதுன்னு ஒரு எல்லைய மட்டும் சொல்லும்.

தோட்ட வேலை செய்றவங்களுக்கு இதுல ஒரு நேரடி விஷயமும் இருக்கு. மண் சர்வே மேப்புல செகாமட் சீரிஸ், குவாந்தான் சீரிஸ்னு வரும், ரெண்டுமே எரிமலைக் கல்லு உளுத்து வந்த ஆழமான செவப்பு மண்ணு. தண்ணி நல்லா எறங்கும், வேரு நல்லா ஓடும், மழை விட்டவுடனே சேறு காஞ்சிடும். ஆனா அதுல இரும்பு, அலுமினியம் ஆக்சைடு அதிகம், போடுற பாஸ்பேட்ட பிடிச்சு வச்சுக்கிட்டு மரத்துக்கு சீக்கிரம் விடாது, அதனால உரக்கணக்குப் போடுறப்ப எந்தக் கல்லு மேல நிக்கிறோம்னு தெரியுறது காசு விஷயம். ஓடைக்கரையில பாறை, உருண்டை, மண்ணு மூணையும் ஒரே சுவர்ல பாக்குறப்ப இது எப்படி ஆச்சுன்னு கண்ணுக்கு நேரா தெரியும். இதே மாதிரி குவாந்தான் பக்கம் புக்கிட் கோவுல பசால்ட் ரொம்ப உளுத்து பாக்ஸைட்டா ஆனதாலதான் அங்க தோண்ட ஆரம்பிச்சாங்க, ஊரே செவப்புத் தூசியாகி, 2016 ஜனவரியில அரசாங்கம் நிப்பாட்டி வைக்க வேண்டியதா போச்சு.

குறிப்பு எடுக்குறது: ஒவ்வொரு எடத்துலயும் போன்ல ஜிபிஎஸ் எண்ண எழுதுங்க, போட்டோவுல அளவுக்கு டேப்போ பேனாவோ வைங்க, ஆனா போட்டோவ நம்பி படம் வரையாம விடாதீங்க, வரைஞ்சாத்தான் எது எதுக்கு மேல இருக்குன்னு யோசிப்பீங்க. கரைய கீழேர்ந்து மேல ஒரு கோடா போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தடிமன், ஓட்டை எங்க, தூணு எந்தப் பக்கம், பட்டை என்ன நெறம், தண்ணி கசியுதா, இவ்வளவும் எழுதுங்க. தூணையும் செவப்புப் பட்டையோட நல்ல மொகத்தையும் சுத்தியலால அடிக்கவே கூடாது, தண்ணி அதத் தெறந்து வைக்க எத்தனை காலம் ஆச்சு, நமக்கு அடிக்க ஒரு நிமிஷம். விழுந்து கிடக்குற கல்லுல துண்டு எடுத்தா போதும், பையில எண்ணு, தேதி, எந்த அடுக்கு, எந்தப் பக்கம் மேல் பக்கம்னு மார்க்கர்ல எழுதி, அதே எண்ண நோட்டுலயும் எழுதுங்க, எழுதாத கல்லு வீட்டு வாசல்ல கிடக்குற வெறும் கல்லாயிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா கெப்பாலா ஆயேர் பயம் இல்லாத அகலமான எடமா மொதல்ல நீங்க போய் பாத்து வச்சுக்கோங்க. ஜூன் ஜூலையில தண்ணி எறங்குன நேரம் போறது நல்லது, ஒரு பெரிய வெள்ளம் வந்து போன வருஷத்துல பழைய எடத்துக்கே மறுபடி போய்ப் பாருங்க, கரை புதுசா அறுத்துக்கிட்டுப் போயிருக்கும், மொத தடவ மண்ணு மூடியிருந்த பட்டை வெளிய வந்திருக்கும். நல்ல செவப்புப் பட்டையோ லாவாவுக்கு அடியில கூழாங்கல்லோ கிடைச்சா படமும் ஜிபிஎஸ் எண்ணும் சேத்து மாநிலத்து ஜியோசாயின்ஸ் ஆபீஸுக்கு அனுப்புங்க, செம்பனை மறுநடவுக்கு மெஷின் வந்து கரைய தள்ளுறதுக்கு முன்னாடி.